எட்டு மாதம் நான் திறந்து மூடிய பெட்டி

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டினால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலைத் தேடிப் போய்விடுவேன். குழம்பு ஆறிப்போகும். அதைத் திரும்பச் சூடாக்கித் தருவதை என் மனைவி நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "அந்த ஃபேனாண்டயே துன்னுட்டு வந்துடு" என்பாள். இதை எழுத உட்கார்ந்த பிறகும் நான்கு தடவை எழுந்து பால்கனிக்குப் போய்விட்டு வந்துவிட்டேன்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு படுக்கையறை. சின்ன அறையில் யாரும் படுப்பதில்லை. சுவரெல்லாம் பழைய மெத்தையையும் ஜமுக்காளத்தையும் அடித்து, ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, அதற்கு ஒலிப்பதிவு அறை என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். உள்ளே ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவில் ஒரு கன்வர்ட்டர். மைக்கில் வருகிற சத்தத்தை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதும், கம்ப்யூட்டரில் இருக்கிற எண்களைத் திரும்பச் சத்தமாக்கி வெளியே விடுவதும் அதன் வேலை. தட்டையான கறுப்புப் பெட்டி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் புதிதாக வாங்கியது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் இருப்பவன். அந்த அறையில் கருவிகள் என் பொறுப்பு, பேச்சு அவள் பொறுப்பு.

அவள் குரலை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "டோக்கன் எண் நாற்பத்தி இரண்டு, கவுண்டர் மூன்று" என்று ஒரு பெண் கூப்பிடுவாள் இல்லையா, அந்த மாதிரி மிஷின் செய்கிற கம்பெனி ஒன்றுக்குத் தமிழ்க் குரல் முழுக்க இவளுடையதுதான். இவள் ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் வாயைத் திறந்தால் "இன்னாய்யா இன்னும் குளிக்காம குந்திக்கினு கீறே" என்றுதான் வரும். மைக் முன்னால் நின்றால் ழகரம், ளகரம் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும். அந்த மிஷின் வைத்த ஒரு வங்கிக்கு முதல் தடவை அவளோடு போனபோது எங்கள் டோக்கனை அவளே கூப்பிட்டாள். "என்னிய நானே கூப்புடுறேன் பாரு" என்று காதோரமாகச் சொல்லிவிட்டு, கல்யாண வீட்டில் முதல் பந்திக்குப் போகிறவள் மாதிரி எழுந்து போனாள். அன்று அவளுக்கு இருந்த பெருமை எனக்கும் இருந்தது.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. மிஷின் பேசுகிற வாக்கியத்தை யாரும் முழுசாகப் பேசுவதில்லை. 'டோக்கன் எண்' ஒரு துண்டு, 'நாற்பத்தி' ஒரு துண்டு, 'இரண்டு' ஒரு துண்டு. எல்லாவற்றையும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்தோம். அந்தந்த நேரத்தில் எந்தத் துண்டு வேண்டுமோ அதை மிஷின் எடுத்துக் கோத்துக்கொள்ளும். எங்காவது ஒரு புதுப் பிரிவு திறந்தால், அந்தப் பெயரை மட்டும் அவள் பேசித் தருவாள். அந்தப் புதுத் துண்டு, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய துண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரே மூச்சில் பேசினது மாதிரி கேட்கவேண்டும்.

அதனால்தான் அந்த அறையில் எதையும் மாற்ற விடமாட்டேன். அவள் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். கன்வர்ட்டரும் வாங்கின அன்றைக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்கவேண்டும். பெட்டிக்குள் வரிசையாகக் கெப்பாசிட்டர்கள் உண்டு. சின்ன உருளைகள், உள்ளே கொஞ்சம் திரவம். ஆவடி, அம்பத்தூர் வெயிலில் மனுஷனே வற்றிப்போகிறான், அதுகள் எம்மாத்திரம். அவை காய்ந்தால் சத்தத்துக்கு அடியில் ஓர் இரைச்சல் சேரும். இணைப்புகள் கறுக்கும். காற்றுத் துளை வழியே எறும்பு போய்க் குடித்தனம் வைக்கும். வருடா வருடம் போகிக்கு முந்தின வாரம், ஊரெல்லாம் வெள்ளையடிக்கும்போது, நான் பெட்டியைத் திறந்துவிடுவேன். பிரஷ்ஷால் தூசி தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து, சந்தேகம் வந்ததை மாற்றுவேன்.

அதன் பிறகு ஒரு பரீட்சை. புதிதாக வாங்கின அன்று, ஒரு சோதனைச் சத்தத்தைப் பெட்டியின் வாயால் வெளியே விட்டு, ஒரு வயர் போட்டு அதை அதன் காதுக்கே கொடுத்து, பதிவு செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் அதையே திரும்பச் செய்வேன். இந்த வருடத்துப் பதிவிலிருந்து முதல் நாள் பதிவைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் பெட்டிக்கு ஆன வயசு. மீதி என்று நாங்கள் சொல்வோம். மீதி வந்தால் எங்கே என்று தேடிச் சரி செய்து, ஒன்றும் மிஞ்சாத வரைக்கும் விடமாட்டேன். இப்படிப் பன்னிரண்டு வருடம் அந்தப் பெட்டிக்கு வயசே ஏறவிடாமல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட இதைப் பெருமையடித்திருக்கிறேன். அவர் பாவம், மரியாதைக்குத் தலையாட்டுவார்.

போன பங்குனியில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. குரல் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிற எஞ்சினியர் அம்மா. 'மூத்த குடிமக்கள் பிரிவு' என்று ஒரு புதுத் துண்டு அனுப்பியிருந்தோம்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நடுவுல வேற ஆள் வந்து பேசுற மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கேட்டேன். 'டோக்கன் எண் நாற்பத்தி இரண்டு' பளிச்சென்று வந்தது. அதற்குப் பிறகு 'மூத்த குடிமக்கள் பிரிவு' என்பது குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி வந்தது. அதே ஆள், அதே மைக், அதே ஒரு சாண். ஆனால் ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தது.

இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கமுடியும். ஒன்று பெட்டி, இல்லாவிட்டால் அவள். எங்கள் டெஸ்டிங் பிரிவில் சேருகிற அன்றைக்கே சொல்லித் தருவது இது: அளவு தப்பாக வந்தால் பொருளைச் சந்தேகப்படாதே, முதலில் அளக்கிற கருவியைச் சந்தேகப்படு. முப்பது வருடமாக அதுதான் என் புத்தி. அதோடு நான் அந்தக் கணமே சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினேன். அவள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். எப்போதும் போலத்தான் இருந்தது. நேரில் நன்றாக இருக்கிறது, பெட்டி வழியாக வந்தால் மங்கலாக இருக்கிறது. அப்படியானால் குற்றம் பெட்டியில்தானே? இவ்வளவு சுத்தமான கணக்கு எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. தினமும் கூடவே இருக்கிற குரல் தினமும் ஒரு இழை மாறினால் காது அதைக் கண்டுகொள்ளாது என்பது அந்தக் கணக்கில் இல்லை. பயமும் இருந்தது. இரண்டாவது காரணத்தை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"பெட்டிதான். வயசாகிடுச்சு, அவ்ளோதான்" என்று அவளிடம் சொன்னேன்.

"போகிக்குத்தானே தொறந்தே?"

"அப்ப எதையோ விட்டுட்டேன்."

அன்று மாலையே திறந்தேன். சித்திரை முழுக்க மின்சாரம் வாங்கித் தருகிற பகுதியில் கை வைத்தேன். எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்கு மூன்று தடவை போய் நல்ல ஜப்பான் கெப்பாசிட்டராகப் பொறுக்கி வந்து, நன்றாக இருந்ததையும் சேர்த்துக் கழற்றிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தண்ணீர் லாரி போய், போர் மோட்டாரை நிறுத்திய பிறகு, அவளை டேப்பின் மேல் நிற்க வைத்தேன். "மூத்த குடிமக்கள் பிரிவு" என்றாள். ஹெட்போனில் அதே ஆவி.

வைகாசியில் இணைப்புகள் எல்லாவற்றையும் பிடுங்கிச் சுத்தம் செய்தேன். ஆனியில் மைக்கின் மேல் சந்தேகம் வந்தது. ஈரம் பட்டிருக்கும் என்று அதை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வைத்து, வேறு மைக் இரவல் வாங்கிப் பார்த்தேன். அதிலும் மங்கல்தான். அப்படியானால் பெட்டிதான் என்று எனக்கு இன்னும் உறுதியாயிற்று. ஆடியில் நாலு பக்கமும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, பதிவு செய்யவே வழியில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் போவேன், பெட்டியைப் பார்ப்பேன், வெளியே வருவேன். வேலையிடத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்து எதைக் கழற்றலாம் என்று மனசு ஓடும்.

மீதிப் பரீட்சை ஒவ்வொரு தடவையும் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றுதான் சொன்னது. நான்தான் நம்பவில்லை. பரீட்சையில் ஓட்டை இருக்கிறது, மனுஷக் குரலில்தான் இந்தக் கோளாறு தெரியும் என்று நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்துக்கொண்டேன். சத்தத்தை எண்ணாக்கும்போது தாளம் போடுகிற படிகம் ஒன்று உள்ளே உண்டு. ஆவணியில் அதையும் மாற்றினேன். தேவையே இல்லாத வேலை.

அந்த மாதம்தான் அவள் கேட்டாள். வெந்நீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். கொஞ்ச நாளாக எப்போதும் கையில் ஒரு வெந்நீர் டம்ளர் இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏன்யா, என் தொண்டதான் சரியில்லியோ? காலீலே எழுந்தா கட்டிக்கினாப்ல கீது. டாக்டராண்ட காட்டலாமா?"

என் கையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உனக்கு ஒண்ணுமில்ல. பெட்டிதான். இன்னும் ஒரு வாரம் குடு."

"மெய்யாலுமா?"

"நான் சொல்றேன் இல்ல?"

அவள் முகம் தெளிந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டதாக எனக்குத் திருப்தி வேறு. இப்போது நினைத்தால் அந்த அயர்னால் என் கையிலேயே சூடு போட்டுக்கொள்ளலாம் போல் வருகிறது.

புரட்டாசியில் எனக்கு வேறு வழி தெரியாமல் பட்டாபிராமிலிருந்து ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். ஆம்ப்ளிஃபையர், மைக்செட் எல்லாம் பழுது பார்க்கிறவர், என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். ஒரு நல்ல ஸ்பீக்கரை சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாண்ணாத்தே, புதுப் பொண்ணு கணக்கா சோடிச்சி வச்சிகினு கீறே. இதுல தொட என்ன கீது?"

"நீ சோதிச்சுட்டு அப்புறம் சிரி" என்றேன்.

அவர் செய்த சோதனை ரொம்ப எளிது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறேன். அவள் நிற்கிற டேப்பின் மேல் ஸ்டூல் போட்டு, அதன் மேல் ஸ்பீக்கரை வைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய 'நாற்பத்தி இரண்டு' பதிவை அந்த ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதே மைக்கில், அதே பெட்டி வழியாகத் திரும்பப் பதிவு செய்தார். அந்தப் பழைய குரல் பெட்டிக்குள் பளிச்சென்று போய், பளிச்சென்று வெளியே வந்தது. ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதன் பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு அதே 'நாற்பத்தி இரண்டு'வைச் சொல்லச் சொன்னார். மங்கலாக வந்தது.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவள் சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்தார்.

"அண்ணாத்தே, பொட்டி நல்லா கீது. அண்ணிய ஒரு தபா டாக்டராண்ட இட்டுகினு போ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸ்பீக்கர் வழியாக வருகிற சத்தம் வேறு, தொண்டையில் வருகிற சத்தம் வேறு, உனக்கு என்ன தெரியும் மைக்செட்காரா என்கிற அளவுக்குப் பேசிவிட்டேன். பொறுமையான மனிதர். சாக்கைச் சுற்றிக்கொண்டே, "திட்டு, பரவால்ல. ஆனா இட்டுகினு போ" என்றார். அவள் போட்டு வைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டார். என்ன சண்டை என்று அவள் கேட்டதற்கு, தொழில்காரனுக்குத் தொழில்காரன் ஆகாது என்று எதையோ சொல்லி மழுப்பினேன்.

அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் போக்கினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கப் பெட்டியைத் திரும்பவும் திறந்தேன். மனசு எங்கேயோ இருந்தது. அயர்னை ஒரே இடத்தில் அதிக நேரம் வைத்துவிட்டதில் உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகையின் செம்புத் தடம் பெயர்ந்து, நெளிந்து, கையோடு வந்துவிட்டது. பெட்டிக்கு இரண்டு காது. அதில் ஒன்று அன்றோடு போயிற்று. பன்னிரண்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றியதை நானே கெடுத்தேன். மிச்சம் இருந்த இன்னொரு காதில் மைக்கை மாற்றிச் செருகினேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு ஞாயிறு மத்தியானம் அவளை மறுபடி நிற்கச் சொன்னேன். அவள் முணுமுணுக்காமல் வந்தாள். அதுவே எனக்கு உறுத்தியிருக்கவேண்டும். முன்பென்றால் "இதோட எத்தினாவது தபாய்யா" என்று ஒரு பாட்டுப் பாடாமல் வரமாட்டாள். ஹெட்போனில் மழைச் சத்தம்கூட இல்லை. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பெட்டியில் இரைச்சல் என்று எள்ளளவும் இல்லை.

"மூத்த," என்றாள். பிறகு "குடிமக்கள் பிரிவு" என்றாள். நடுவில் ஒரு சின்னச் சத்தம். திரும்ப ஓடவிட்டேன். சத்தத்தைக் கூட்டி இன்னொருமுறை ஓடவிட்டேன். மூச்சு. இரண்டு வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கியிருக்கிறாள். முந்தி ஒரே மூச்சில் நூறிலிருந்து நூற்றிருபது வரைக்கும் எண்ணுகிறவள், மூன்று வார்த்தைக்குக் காற்றுப் போதாமல் நடுவில் நின்று இழுத்திருக்கிறாள்.

எந்தக் கெப்பாசிட்டர் காய்ந்தாலும் பெட்டி மூச்சு வாங்காது. பழைய பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் பெட்டியைச் சரி செய்துவிட்டுப் பதிவு செய்தது, தேதி போட்டு வரிசையாக இருந்தது. பங்குனியில் மூச்சு இல்லை, மங்கல் மட்டும். ஆனியில் கடைசி எழுத்துக் கரகரத்தது. ஆவணியில் சின்னதாக ஒரு மூச்சு. எல்லாமே பதிவாகித்தான் இருந்தது. பெட்டி மாதா மாதம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் வாயை மூடத்தான் ஸ்க்ரூ டிரைவரோடு அலைந்திருக்கிறேன்.

"இன்னாய்யா, பேய் அறஞ்சாப்ல கீறே?"

"கிளம்பு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்."

அந்தத் தொண்டை டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் மிஷின் இல்லை. ஒரு நர்ஸ் நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டர் மெல்லிசான ஒரு கேமரா வயரை மூக்கு வழியாக விட்டு, எதிரே திரையில் காட்டினார். உள்ளே குரல் எழுப்புகிற இரண்டு வெள்ளைப் பட்டைகள். அவளை "ஈ" என்று சொல்லச் சொன்னார். வலது பக்கப் பட்டை நகர்ந்து நடுவுக்கு வந்தது. இடது பக்கம் அப்படியே கிடந்தது. நடுவில் மூடாத இடைவெளி வழியாகத்தான் காற்று வீணாகப் போகிறது, அதுதான் குரலில் மங்கல் என்றார். கழுத்தைத் தடவிப் பார்த்தவர், ஒரு இடத்தில் விரலை நிறுத்தித் திரும்பத் தொட்டார்.

"எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"ஒரு ரெண்டு மாசமா இருக்கும் சார். சளின்னு உட்டுட்டேன்," என்றாள்.

"எட்டு மாசம்," என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நிச்சயமா தெரியுமா?"

"பங்குனியில இருந்து. தேதியோட இருக்கு சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. டாக்டர் அதற்குள் ஸ்கேன், ஊசிப் பரிசோதனை என்று எழுதிக்கொண்டே, தைராய்டில் கட்டி மாதிரி தெரிகிறது, குரலுக்குப் போகிற நரம்பை அழுத்தியிருக்கலாம், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார். கடிந்து சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆட்டோவில் திருமுல்லைவாயிலைத் தாண்டினோம். பிறகு அவள் மெல்ல, மூச்சுக்கு இரண்டு வார்த்தையாகச் சொன்னாள்.

"நான் கேட்டேன் இல்லியா. டம்ளர கையில வச்சிகினு கேட்டேன். ஒண்ணுமில்ல, பொட்டின்ன."

"எனக்குப் பயமா இருந்துச்சு."

"தொண்ட என்னுது. நீ ஏன்யா பயந்தே?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆட்டோவிலிருந்து குதித்து எங்கேயாவது ஓடிவிடலாம் போல் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

கட்டி கெட்டதுதான் என்று முடிவு வந்தது. நல்லவேளை, வைத்தியத்துக்குக் கட்டுப்படுகிற வகை. மார்கழியில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இப்போது பயமில்லை என்கிறார்கள். இடது பக்க நரம்பைக் கட்டி சுற்றிக்கொண்டிருந்ததால் அதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பக்கப் பட்டை இனி அசையாது. வலது பக்கம் பழகிக்கொண்டு கொஞ்சம் தாண்டி வந்து அதைத் தொடும், குரல் வரும், ஆனால் பழைய குரல் வராது என்றார் டாக்டர். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் நரம்பு தப்பியிருக்குமா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்லமுடியாது என்றார். தப்பியிருக்கும் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும் போல.

கம்பெனியில் வேறு ஒரு பெண்ணை வைத்து எல்லாத் துண்டையும் முதலிலிருந்து பதிவு செய்துவிட்டார்கள். எஞ்சினியர் அம்மா வீட்டுக்கே வந்து, பழம் வாங்கிக்கொண்டு வந்து, அதைச் சொன்னார். என் மனைவி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் போன பிறகு அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டே ரொம்ப நேரம் தண்ணீர்க் குழாயை மூடாமல் நின்றாள். பட்டாபிராம் நண்பரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்டேன். "வுடு அண்ணாத்தே, அண்ணி எப்பிடி கீது?" என்பதோடு அதை முடித்துவிட்டார்.

நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. இந்த வருடம் போகிக்குப் பெட்டியைத் திறக்கவில்லை. வீட்டில் அவள் பேசுகிறபோதெல்லாம் என் காது தானாகக் கூர்ந்துகொள்ளும். அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். "மீட்டர் வச்சி பாக்கற வேலையெல்லாம் வேணாம்" என்று பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவாள். அதனால் அவள் பேசும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொள்ளப் பழகினேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், சின்ன அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே போனேன். கம்ப்யூட்டரை அவளே போட்டிருந்தாள். டேப்பின் மேல் நின்றிருந்தாள். கழுத்துத் தழும்பின் மேல் புடவைத் தலைப்பை இழுத்து விட்டிருந்தாள். கைகாட்டி என்னை உட்காரச் சொன்னாள். பதிவை ஓடவிட்டேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். கரகரப்பான, தணிந்த குரல். யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. ஆனாலும் ஒவ்வொரு எண்ணையும் முன்பு போலவே திருத்தமாக, அவசரமில்லாமல் சொன்னாள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மூச்சு, பன்னிரண்டுக்குப் பிறகு மூச்சு. இருபதில் நிறுத்திக்கொண்டாள். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. கண் நிறைந்துவிட்டது, அவள் பார்ப்பாளே என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேதி போட்டு வையி," என்றாள்.

"எதுக்கும்மா? கம்பெனிக்கு..."

"கம்பெனிக்கு இல்ல. இன்னிக்கு இதான் என் கொரலு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இதுலேர்ந்து மாறுச்சின்னா பொட்டியத் தொறக்காத. மொதல்ல என்னாண்ட சொல்லு."